சுறாவும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம். அன்பர் பலர் விரும்பியவண்ணம் இங்கு வெளியிடப்படுகிறது.)



கடலைப்பற்றிப் பரதவர் சபையில் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் புகுவதை ஒக்கும். இங்கு வீற்றிருக்கும் பெரியோர்களுள் பலர், நாம் ஏட்டில் படித்ததைக் காட்டிலும் மிகுதியாகத் தம் கண்ணாற் கண்டவர்கள். ஆயினும் இன்றைய விஷயத்தைப்பற்றி நாம் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. "நம் பாட்டனார் பிடித்த மீனை நாம் பிடித்தால் குற்றம் என்கிறார்களே, இஃது என்ன நியாயம்?" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். அக்கேள்வி அலட்சியம் செய்யத்தக்கது அன்று. அதற்கு விடை கூறவேண்டியவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் மட்டும் அல்லர், நாமும் கூறவேண்டும். சுறாவை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்?

சுறாவுக்கும் நெய்தல் நிலத்தார்க்கும் உள்ள தொடர்பு நேற்று இன்று உண்டானதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் வாழ்ந்த நம் முன்னோர் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கொண்டு வழிபட்ட செய்தி வருகின்றது. அப்புலவர் அச்சுறாவைக் கருவுற்ற சுறா என்று குறிப்பிடுவது நம் சிந்தனைக்குரியது. சுறா முட்டையைக் கடலில் சிதறிவிட்டுச் செல்லும் மீன் அன்று என்பதையும், வயிற்றில் கரு சுமக்கும் பிராணி என்பதையும் அக்காலத்தவரே அறிந்திருந்தனர். கொம்புடைய அம்மீன் வேளா ஆகும். விஞ்ஞானிகள் அதனைத் திருக்கை வகுப்பில் சேர்ப்பர். மகர ராசிக்குச் சுறவம் என்று தமிழில் பெயர் வழங்குவதும் நீங்கள் அறிந்ததே.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வேறொரு தொடர்பும் இருந்தது. கடல்கட்டி என்பவர் ஒருவர் கரையில் நின்று மந்திரம் ஜெபித்துச் சுறாவின் வாயைக் கட்டுவார் என்பது நம்பிக்கை. அவர் இன்றிக் குளியாளர் நீரில் இறங்கத் துணியார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதியுள்ளார். பிற்காலத்துச் சர்க்காரும் கடல்கட்டியை விலக்க மாட்டாமல், அவர்க்குரிய பங்கை அனுமதித்தே வந்தனர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டில் கடைசியாக நடைபெற்றது. அதனோடு கடல்கட்டியின் தொழிலும் முடிந்தது.

அன்று சுறாவிடமிருந்து நம்மைக் காக்கக் கட்டு வேண்டியிருந்தது. இன்றோ நம்மிடமிருந்து சுறாவைக் காக்கக் கட்டு வேண்டியிருக்கிறது. இதுவே நாம் இன்று சொல்லவந்த விஷயத்தின் சாரம். உலகம் முழுவதிலும் ஓராண்டில் சுறாவால் உயிரிழக்கும் மனிதர் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதரால் மாளும் சுறாக்களோ, 2024ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய எட்டுக் கோடி. யார் யாருக்கு அஞ்சவேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

"கடலில் மீன் குறைவதும் பெருகுவதும் இயற்கை, இன்று குறைந்தால் நாளை பெருகும்" என்று சிலர் சொல்லக்கூடும். சாளைக்கு அது பொருந்தும், சுறாவுக்குப் பொருந்தாது. சாளை பிறந்த ஓராண்டுக்குள் முட்டையிடத் தக்கதாகி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வஞ்சிரம் இலட்சக்கணக்கில் இடும். அவற்றுள் பெரும்பாலானவை அழிந்தாலும் எஞ்சியவை கடலை நிரப்பிவிடும். சுறாவின் பிரகிருதி வேறு. அதற்கு எலும்பு இல்லை. உடற்கட்டு முழுதும் குருத்தெலும்பே. மற்ற மீன்களுக்கு உள்ள காற்றுப்பை அதற்கு இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே அதனை மிதக்கச் செய்கிறது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வினம் கடலில் தோன்றிவிட்டது. இவ்வளவு பழமையான குடும்பம் பெற்றெடுக்கும் பிள்ளைகளோ மிகச் சில.

துறையில் பெரிய சுறாவை அறுக்கும்போது வயிற்றிலிருந்து உருப்பெற்ற குட்டிகள் மணலில் விழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில இனங்கள் முட்டையிடுவன. சிலவற்றில் முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டியாக வெளிவரும். சிலவற்றில் மனிதரைப் போலவே கொடியின் வழியாகத் தாயிடமிருந்து குட்டிக்கு உணவு செல்லும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊற நாம் புட்டுச் செய்து கொடுக்கும் பால் சுறா இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அஃது ஏறக்குறைய ஓராண்டு கரு சுமந்து, ஒன்று முதல் எட்டு வரையில் குட்டிகளை ஈனும். தாய்ப்பாலுக்காக நாம் உண்ணும் மீன் தானும் ஒரு தாய் என்பதை நம் தாய்மார்கள் நினைவில் வைத்தல் நலம்.

ஆழ்கடலில் ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கப்படும் சுறாவகை ஒன்று உண்டு. அஃது ஓர் ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிகளே ஈனும். குளிர்ந்த கடல்களில் வாழும் முட்சுறா இரண்டாண்டுக்குச் சிறிதே குறைவான காலம் கரு சுமக்கும். வடகடலில் வாழும் கிரீன்லாந்துச் சுறா இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும் என்று 2016ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அது தாயாகும் பருவம் எய்த நூற்றைம்பது ஆண்டுகள் செல்லுமாம். இவற்றுக்கு மாறாக, நம் நாட்டுக் கரையோரங்களில் கிடைக்கும் கூர்மூக்குடைய சிறு சுறா ஒன்று ஓரிரண்டாண்டில் பருவம் எய்தி, பத்துக்கு மேலும் குட்டிகளை ஈனவல்லது. ஆகவே சுறா என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்குதல் கூடாது. சில தாங்கும், பல தாங்கா.

இதனை நம் வீட்டுக் கணக்கால் விளக்குவோம். சாளை, வட்டி மிகுதியாகத் தரும் முதல். வட்டியை எடுத்து உண்டாலும் முதல் அப்படியே இருக்கும். பெருஞ்சுறாவோ நூற்றுக்கு ஒன்றிரண்டு வட்டி தரும் முதல். அதில் நூற்றுக்குப் பத்து வீதம் எடுத்துச் செலவிடுபவன் வட்டியை உண்ணவில்லை, முதலையே உண்கிறான். சில ஆண்டுகள் செல்வன்போல் வாழ்வான். பின்னர் அவன் பிள்ளைகள் கடன்காரர் வாசலில் நிற்பார்கள்.

இப்படி நடந்ததற்குச் சரித்திரச் சான்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் ஒருவகைச் சுறாவின் ஈரலில் ஏ ஜீவசத்து மிகுதியாக இருப்பது 1930களின் பிற்பகுதியில் அறியப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தால் ஐரோப்பாவிலிருந்து மீனெண்ணெய் வருவது தடைப்பட்டதும் விலை ஏறிற்று. அக்கரையார் எல்லோரும் சுறாவின்மேற் பாய்ந்தனர். சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1940களின் நடுவில், வலைகள் வெறுமையாக வரலாயின. 1947ஆம் ஆண்டையொட்டி அந்த ஜீவசத்தைச் செயற்கையாகச் செய்யும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. ஈரலுக்கு இருந்த கிராக்கியும் போயிற்று. சந்தை சில ஆண்டுகளில் வேறு பொருளைத் தேடிக்கொண்டது. அச்சுறாவோ எண்பது ஆண்டுகள் கழிந்தும் பழைய நிலையை எய்தவில்லை. அதே யுத்தகாலத்தில் நம் சென்னை மாகாணத்திலும் சுறா ஈரல் எண்ணெய் எடுக்கும் தொழில் எழுந்து தளர்ந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பீராயின், நம் வாசலில் நடந்ததைச் சொல்வோம். புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா ஒன்று உண்டு. 1839ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானிகள் இருவர் அதனை விவரித்து எழுதினர். உலகத்து அருங்காட்சியகங்களில் அதன் உடல்கள் இருபதுக்கும் குறைவாகவே உள்ளன. 1979ஆம் ஆண்டுக்குப்பின் அது பிடிபட்டதாக ஐயமற்ற சான்று கிடைக்கவில்லை. நம் கரையின் பெயரைத் தாங்கிய பிராணி, பெயரை மட்டும் விட்டுவிட்டுச் சென்றுவிட்டதோ என்று அஞ்சவேண்டியிருக்கிறது.

வேளாவின் கதை இன்னும் வருந்தத்தக்கது. முன்னோர் தெய்வமாக நட்ட அக்கொம்பே அதற்கு எமனாயிற்று. இருபுறமும் பல்லுடைய வாள்போன்ற அந்தக் கொம்பு எந்த வலையில் பட்டாலும் சிக்கிக்கொள்ளும்; பின்னர் விடுபடுதல் அரிது. உலகில் உள்ள வேளா இனங்கள் ஐந்தும் அழியும் அபாயத்தில் உள்ளன. முதியவர்கள் பெரிய பெரிய வேளாக்களைப்பற்றிக் கதை சொல்லுகிறார்கள். பேரப்பிள்ளைகளோ, "அது எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். மூன்று தலைமுறைக்குள் தெய்வம் கதையாகிவிட்டது.

ஆழ்கடலிலும் நிலைமை இதுவே. 2021ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சிகளால் இரண்டு செய்திகள் புலனாயின. பெருங்கடலிற் சஞ்சரிக்கும் சுறா, திருக்கைகளின் தொகை 1970ஆம் ஆண்டு முதல் நூற்றுக்கு எழுபத்தொரு பங்கு குறைந்துவிட்டது என்பது ஒன்று. ஆராயப்பெற்ற ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்கு அழியும் அபாயத்தில் உள்ளது என்பது மற்றொன்று. சுறா மிகுதியாகப் பிடிக்கும் நாடுகளின் முன்வரிசையில் நம் இந்தியாவும் இருக்கிறது.

"சுறா ஒழிந்தால் மற்ற மீன் பெருகாதோ?" என்ற கேள்வியும் துறைகளில் கேட்கப்படுவதே. கடல் அவ்வளவு எளிய கணக்கன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுறா விரிகுடா என்ற பெயருள்ள இடத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். புலிச்சுறா நடமாடும் காலத்தில் ஆவுளியாவும் ஆமையும் ஒரே இடத்தில் நின்று கடற்புல்லை வேரோடு மேய்வதில்லை. அஞ்சி இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் புல் தழைக்கிறது. புல்லில் குஞ்சுகள் வளர்கின்றன. நம் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அதே ஆவுளியாவும் அதே கடற்புல்லும் உள்ளன. ஆவுளியாவைக் காக்க 2022ஆம் ஆண்டில் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு ஒதுக்கப்பட்டதை அறிவீர்கள். காவற்காரனை ஒழித்துவிட்டுத் தோட்டத்தைக் காப்பது இயலாது.

இனி, குற்றம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் சென்று, திருக்கை வலையும் தூண்டிலும் இட்டு, ஆண்டில் சில மாதங்கள் மட்டும் சுறா பிடித்த நம் பாட்டனாரால் இந்நிலை வரவில்லை. 1952ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய-நார்வேத் திட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த முயற்சிகளும் விசைப்படகையும் இழுவை மடியையும் பரப்பின. இழுவை மடி தாயென்றும் குட்டியென்றும் பாராது. சுறாவை நாடிப் போகாவிட்டாலும் வாரிக்கொண்டு வரும். பின்னர்ச் சீன தேசத்தார் விருந்துகளில் சுறாப்பீலி ரசத்துக்கு ஏற்பட்ட மதிப்பால், பீலியின் விலை இறைச்சியின் விலையைப் பன்மடங்கு கடந்தது. இலாபத்தில் பெரும்பங்கு நம் துறைகளில் தங்கவில்லை; பழி மட்டும் தங்கிற்று. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய ஊர்களின் சகோதரர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு நெடுந்தூரம் சென்று சுறா பிடிப்பதில் இணையற்றவர்கள். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கிப் புயலில் அவ்வூர்களில் எத்தனை வீடுகள் இருண்டன! உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்பவரைக் கொள்ளைக்காரர்போற் பேசுவது அறமன்று.

சட்டம் வந்த விதத்திலும் நமக்குக் குறை உண்டு. 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மணி உழுவை என்று நாம் வழங்கும் பெருஞ்சுறாவைப் பிடிப்பது தடுக்கப்பட்டது. அது நியாயமே. அவ்வாண்டு ஜூலையில் சுறா, திருக்கை, உழுவை இனங்கள் யாவும் ஒருசேர வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏற்றப்பட்டன. ஒரே நாளில் கடலோர ஏழைகள் குற்றவாளிகளாயினர். முறையீடு எழுந்தது, டிசம்பர் மாதத்தில் பத்து இனங்களை மட்டும் வைத்து மற்றவை விலக்கப்பட்டன. 2013ஆம் ஆண்டில், பீலியை அரிந்துகொண்டு உடலைக் கடலில் எறிதல் கூடாது, முழு உடலோடுதான் கரை சேர்க்க வேண்டும் என்ற விதி வந்தது. 2015ஆம் ஆண்டில் பீலி ஏற்றுமதி அடியோடு நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மேலும் பல இனங்கள் அட்டவணைகளில் ஏறின. முதல் அட்டவணையில் உள்ளதைக் கொன்றால் மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஏழாண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. அட்டவணையோ விஞ்ஞானப் பெயர்களால் ஆனது. நள்ளிரவில் வலையை இழுக்கும் ஒருவன் அப்பெயர்களைக் கண்டானா?

இக்குறைகளைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, சொல்லவும் வேண்டும். ஆனால் குறை சொல்லிவிட்டு வாளாவிருத்தல் நமக்குப் பெருமையன்று. சட்டம் தவறாக வந்தது என்பதனால் சுறா குறைந்தது பொய்யாகிவிடாது. வெளியார் வந்து நம் கையைக் கட்டுமுன் நாமே நம் கையைக் கட்டிக்கொள்வது மானமுள்ள சமூகத்தின் இலட்சணம்.

இஃது இயலாத காரியமா? குஜராத்திக் கரையைப் பாருங்கள். வெராவல் முதலிய துறைகளில் அம்மணி உழுவையை ஈரல் எண்ணெய்க்காகக் குத்திக் கொன்றுவந்தனர். அவ்வெண்ணெயை மரக்கலங்களுக்குப் பூசுவது வழக்கம். தடைச்சட்டத்துக்குப்பின், 2004ஆம் ஆண்டில், இராமகதை சொல்லும் மொராரி பாபு அவர்கள் அம்மக்களிடையே ஒரு வார்த்தை சொன்னார். அந்த மீன் பிரசவத்துக்காகத் தாய்வீடு வரும் மகளைப் போன்றது. வந்த மகளைக் கொல்லலாமா என்பது அதன் கருத்து. அன்புக்குரியவள் என்னும் பொருளுடைய பெயரையும் அம்மீனுக்கு இட்டனர். சட்டம் சாதிக்காததை அச்சொல் சாதித்தது. அதுமுதல் அங்குள்ள மீனவர்கள் தம் வலையைத் தாமே அறுத்து நூற்றுக்கணக்கான அம்மணி உழுவைகளை உயிரோடு விடுத்திருக்கிறார்கள். அறுபட்ட வலைக்குச் சர்க்கார் ஈடு கொடுக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. கொடுத்ததும் கொண்டதும் இருபுறமும் நிகழ்ந்தமையால்தான் அது நிலைத்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

ஆகவே நம் சங்கம் செய்யத்தக்கவை சிலவற்றை விண்ணப்பித்துக் கொள்கிறோம்.

முதலாவது, தடுக்கப்பட்ட இனங்களின் படங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அந்தந்தத் துறையில் வழங்கும் தமிழ்ப் பெயரை எழுதி, வீடுதோறும் படகுதோறும் கொடுக்கவேண்டும். பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். அவற்றைத் திரட்டிக் கொடுக்க நம் முதியோரால்தான் முடியும்.

இரண்டாவது, வேளா, அம்மணி உழுவை, பெரிய உழுவை ஆகியவை உயிரோடு சிக்கினால் வலையை அறுத்தாயினும் விட்டுவிடுவதென்று ஊர்க்கூட்டங்களில் உறுதி செய்யவேண்டும். அறுந்த வலைக்கு ஈடு கேட்டுச் சர்க்காருக்கு மனுச்செய்வது சங்கத்தின் பொறுப்பு. ஏழையின் வலையை ஏழையே இழக்கவேண்டும் என்பது நீதியாகாது.

மூன்றாவது, கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் சுறாக்கள் குட்டி ஈனும் இடங்களையும் மாதங்களையும் நம்மவர் அறிவர். அவ்விடங்களில் அம்மாதங்களில் வலையிடாதிருக்க ஊரார் கூடித் தீர்மானிக்கவேண்டும். 2017ஆம் ஆண்டு முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் ஓய்ந்திருக்கும் வழக்கம் நமக்குப் பழகியதே. அதுபோன்ற ஓய்வைச் சுறாவுக்கும் அளிக்கலாம்.

நான்காவது, ஒவ்வொரு துறையிலும் ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும். எந்தச் சுறா, எத்தனை, எவ்வளவு நீளம், வயிற்றில் குட்டி இருந்ததா என்று படித்த இளைஞர் ஒருவர் நாள்தோறும் எழுதிவருக. 1947ஆம் ஆண்டில் தோன்றிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய கணக்கைக் கொண்டே ஆராய்கின்றனர். நம் கையில் நம் கணக்கு இருந்தால், நாளை சட்டம் இயற்றுவோர் நம்மைக் கேளாமல் இயற்ற மாட்டார்கள். "எங்கள் துறையில் இன்ன இனம் குறையவில்லை, இன்னது குறைந்திருக்கிறது" என்று ஏட்டைத் திறந்து காட்டுவோனைத் தள்ளிவிட யாராலும் முடியாது.

ஐந்தாவது விண்ணப்பம் தாய்மார்களுக்கு. சிறு குட்டியின் இறைச்சி மென்மையானது என்று கேட்டு வாங்கும் வழக்கம் பெருகிவருகிறது. ஒரு முழத்துக்கும் குறைந்த பெருஞ்சுறாக் குட்டியை வாங்குவதில்லை, விற்பதில்லை என்று நீங்கள் உறுதி கொண்டால், அதனைப் பிடித்துவரும் ஆசையும் குறையும். சந்தையில் உங்கள் சொல்லுக்குள்ள வலிமை கோர்ட்டுச் சட்டத்துக்கும் இல்லை.

"பசிக்கிற வயிறு பொறுக்குமா?" என்று கேட்பீர்கள். பொறாது, அதனை மறுக்க நாம் இங்கு வரவில்லை. ஆதலால்தான் சுறாவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. விரைவிற் பெருகும் சிறு சுறாவை அளவோடு பிடிக்கலாம். மெல்லப் பெருகும் பெருஞ்சுறாவையும், சூல்கொண்ட தாயையும், வளராத குட்டியையும் விடுவோம் என்றே சொல்லுகிறோம். உழவன் எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைக் குத்தித் தின்னான். கடலில் நமக்கு விதைநெல் சூற்சுறா.

பட்டினப்பாலைக் காலத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வணங்கினர். நம் பேரப்பிள்ளைகள் அக்கொம்பை அருங்காட்சியகத்துக் கண்ணாடிக்குள் மட்டும் காண்பார்களா, கடலில் உயிரோடும் காண்பார்களா என்பது இந்தத் தலைமுறையின் கையில் இருக்கிறது. கடல்கட்டியின் மந்திரத்தை நாம் இழந்துவிட்டோம். நமக்கு இனி வேண்டிய மந்திரம் ஒன்றே: போதும் என்ற சொல். அச்சொல்லை நாம் கூடிச் சொன்னால் கடல் நம்மைக் கைவிடாது.

 வாழ்க கடல்! வாழ்க நம் குலம்!